கேட்டால் போதாது, நிறுத்த வேண்டும்

2009 டிசம்பர் 24. ரொறன்ரோவின் வடமேற்குப் பகுதியில், கிப்ளிங் அவெனியூவின் 2757 ஆம் இலக்க அடுக்குமாடிக் கட்டடத்தில் பால்கனிகளின் கொங்கிரீட்டைச் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாலை நாலரை மணியளவில் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு ஆறு தொழிலாளர்கள் கீழே இறங்கத் தொங்கு மேடையில் ஏறினார்கள். கருவிகளும் மேடையில் ஏற்றப்பட்டன. உயிர்காப்புக் கயிறுகள் இரண்டுதான் இருந்தன. மேடை நடுவில் முறிந்தது. ஐந்து பேர் 100 அடிக்கும் மேலிருந்து தரையில் விழுந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஐந்தாமவர் படுகாயங்களுடன் பிழைத்தார். கயிற்றில் முறையாகப் பிணைந்திருந்த ஒரே ஒருவர் விழாமல் தொங்கினார்.

மேடை தரமற்றது. அதில் தொடரிலக்கம் இல்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. இவை எல்லாம் வழக்கில் வெளிவந்தன. ஆனால் கட்டட வேலை செய்யும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி வேறொன்று. திட்ட மேலாளர் வாதிம் கசெனெல்சன் அந்த நேரத்தில் அங்கேயே நின்றார். உயிர்காப்புக் கயிறுகளைப் பற்றித் தள மேற்பார்வையாளரிடம் கேட்கவும் செய்தார். கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு அவர் அமைதியாகிவிட்டார். வேலை தொடர்ந்தது. மேடை முறிந்தபோது அவர் பால்கனியைப் பற்றிக்கொண்டு தப்பினார். பதில் சொன்ன மேற்பார்வையாளர் இறந்த நால்வரில் ஒருவர்.

ஆக, அன்று ஆபத்து ஒருவர் கண்ணிலும் படாமல் போகவில்லை. கண்ணில் பட்டது, வாய்விட்டும் கேட்கப்பட்டது. ஆனால் கேட்டவர் வேலையை நிறுத்தவில்லை. நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது இதற்காகத்தான். 2015 ஜூனில், மரணம் விளைவித்த குற்றவியல் அலட்சியம் என்ற நான்கு குற்றச்சாட்டுகளும், உடற்காயம் விளைவித்த குற்றவியல் அலட்சியம் என்ற ஒன்றும் அவர்மீது நிரூபிக்கப்பட்டன. 2016 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2018 இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. அந்த வேலையை ஏற்று நடத்திய மெட்ரான் நிறுவனத்துக்கு முதலில் 2,00,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது போதாது என்று கூறிய ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 இல் அதை 7,50,000 டொலராக உயர்த்தியது.

இந்த வழக்கை மில்லிக்கனில் வாழும் தமிழர்கள் அந்நியர் கதையாகப் படிக்கக் கூடாது. இறந்தவர்கள் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்து, தங்கள் மொழி பேசுபவர்களோடு சேர்ந்து வேலை செய்த குடியேறிகள். நம்மவர்களில் பலர் கட்டட வேலைக்குள் நுழைவதும் இதே வழியில்தான்.

ஒரே வானில் வரும் ஐந்து பேர்

ஸ்டீல்ஸ் அவெனியூவின் இரு பக்கமும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலுமாகக் கிடக்கும் மில்லிக்கன் பகுதியில் 1980களில் எழுந்த வீடுகள் ஏராளம். அவற்றின் கூரை ஓடுகளை மாற்றுவது, நிலவறையை வாடகைக்கு விடும்படி பிரித்துக் கட்டுவது, குளியலறையைப் புதுப்பிப்பது என்று குளிர் விலகியதும் தெருவுக்குத் தெரு வேலை தொடங்கிவிடும். பெரும்பாலானவை சின்னக் குழுக்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வான் வந்து நிற்கும். ஓட்டி வருபவர் கொன்ட்ராக்டர். அவரோடு வருபவர்களில் ஒருவர் அவருடைய ஊர்க்காரர், இன்னொருவர் மனைவி வழியில் சொந்தம், மற்றொருவர் படிக்க வந்து வார இறுதியில் கைச்செலவுக்கு வேலை செய்யும் பையன்.

அந்தப் பையனை ஒரு கூரையின் மேல் பாருங்கள். இடுப்பிலும் தோளிலும் ஹார்னஸ் போட்டிருக்கிறான். முதுகுப்பக்கம் இருக்கும் வளையத்தில் கயிற்றின் கொக்கி மாட்டியிருக்கிறது. அந்தக் கயிறு கூரை முகட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறது. அங்கே நங்கூரத் தகடு அறையப்படவில்லை. கயிற்றின் நுனி ஓட்டுக் கட்டுகளுக்குக் கீழே செருகியிருக்கிறது, அவ்வளவுதான். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பக்கத்தில் ஆணி அடிக்கும் ஆளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

அவர் சொல்கிறார்: "அண்ணை, தம்பியின்ர கயிறு ஒண்டிலயும் கட்டேல்லை."

"ஒண்டும் ஆகாது. இருபது வருசமா நான் ஏறுறன். மழை வரப்போகுது, கெதியா அடியுங்கோ."

கயிற்றைப் பற்றிச் சொன்னவர் தலையைக் குனிந்து ஆணி அடிக்கத் தொடங்குகிறார். கிப்ளிங் அவெனியூவில் நடந்த உரையாடலும் இவ்வளவு நீளம்தான்.

இரண்டு மாடி வீட்டில் கூரையின் விளிம்பு தரையிலிருந்து 5 மீட்டருக்குக் குறையாது. அந்த உயரத்திலிருந்து தவறுபவர் ஒரு விநாடியில் தரையைத் தொடுவார். தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். ஒரு விநாடிக்குள் இருபது வருட அனுபவம் எதையும் செய்துவிட முடியாது. 3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்து இருந்தால் விழுகாப்பு ஏற்பாடு கட்டாயம் என்று ஒன்ராறியோவின் கட்டடத்தொழில் விதிமுறை சொல்வது இதனால்தான். ஹார்னஸ் பயன்படுத்தும் இடத்தில், விழுந்து தொங்குபவரை எப்படி மீட்பது என்ற திட்டமும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

வாயை அடைப்பது எது

ஏன் பேசுவதில்லை என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. அவற்றைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது அநியாயம்.

முதலாவது நன்றிக்கடன். வந்த புதிதில் வேலை தந்தவர், அறை எடுத்துத் தந்தவர், வங்கிக்குக் கூட்டிப்போனவர் அந்த அண்ணை. ஆட்கள் முன்னால் அவரிடம் குறை சொன்னால் அது வேலையைப் பற்றிய பேச்சாக நிற்காது. ஊரில் இருக்கும் அப்பா வரைக்கும் போகும். இரண்டாவது அடுத்த கிழமை வேலை. காசாகச் சம்பளம் வாங்குபவரைத் துரத்த எவரும் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. "இந்தக் கிழமை வேலை குறைவு, பிறகு சொல்லுறன்" என்றால் போதும். மூன்றாவது குடிவரவு. கையில் இருக்கும் தாள்களைப் பற்றிப் பயம் உள்ளவர் எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் இருக்கவே பார்ப்பார். நான்காவது, எவரும் ஒப்புக்கொள்ளத் தயங்குவது: வேலைத்தளத்தில் கேள்வி கேட்பவனைப் பயந்தவன் என்று சிரிக்கும் வழக்கம்.

இந்த நான்கும் மிக அழுத்தமாக விழுவது புதிதாக வந்தவர் மீது. ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம். ஒரு வேலையில் முதல் மாதத்தில் இருப்பவர், ஓராண்டுக்கு மேல் அதே வேலையில் இருப்பவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் காயமடையும் வாய்ப்புள்ளவர் என்று ரொறன்ரோவில் இயங்கும் வேலை மற்றும் சுகாதார நிறுவகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எவருடைய வாய் அடைபட்டிருக்கிறதோ, அவருடைய உடம்புதான் முதலில் விழுகிறது.

மறுபக்கத்தில் உரத்துக் கத்துவதையே கண்டிப்பு என்று நினைக்கும் மேற்பார்வையும் இருக்கிறது. பையன் ஏணியைத் தவறாகச் சாத்தினால் தெருவே கேட்கும்படி திட்டுவார்கள். திட்டு வாங்கியவன் ஏணியைச் சரியாகச் சாத்தக் கற்றுக்கொள்வதில்லை. தவறு செய்தால் மறைக்கக் கற்றுக்கொள்கிறான். ஏமி எட்மன்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அந்தக் குழுக்கள் பிழைகளைப் பயமின்றிப் பேசின என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். ஒரு வேலைத்தளத்தில் ஒருவரும் ஒரு குறையும் சொல்வதில்லை என்றால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாமதமாகப் போய்ச் சேர்ந்த சொல்

சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்பதற்குக் கனடாவின் வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1907 இல் கியூபெக் நகருக்கு அருகே சென் லோரன்ஸ் ஆற்றின் மேல் பாலம் எழுந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அதன் அடித்தண்டுகள் வளைவது தளத்தில் இருந்த இளம் பொறியியலாளர் நோர்மன் மக்லூரின் அளவீட்டில் தெரிந்தது. ஒரு தண்டில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு ஒரு கிழமைக்குள் இரண்டேகால் அங்குலமானது. தண்டுகள் கொண்டுவரும்போதே வளைந்திருந்தன என்று நிறுவனத்தின் ஆட்கள் வாதாடினார்கள். கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் மக்லூர் தானே நியூயோர்க்குக்குப் போய், ஆலோசகப் பொறியியலாளர் தியடோர் கூப்பரை நேரில் கண்டு சொன்னார். இனிப் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் உடனே தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த பாலக் கம்பனிக்கு. கியூபெக்கில் வேலை நிற்கவில்லை. அதே நாள், ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் சரிந்தது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் இரும்பு வேலையாட்கள்.

மக்லூர் கவனமாக அளந்தார், உண்மையைச் சொன்னார், தொலைவு போயும் சொன்னார். பாரம் ஏற்றுவதை அங்கேயே நிறுத்தும் அதிகாரம் தளத்தில் எவரிடமும் இருக்கவில்லை, அல்லது இருந்தவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆபத்தைக் காண்பவருக்கும் வேலையை நிறுத்துபவருக்கும் இடையே உள்ள தூரம்தான் மனிதர்களைக் கொல்கிறது. அந்தத் தூரம் கியூபெக்குக்கும் நியூயோர்க்குக்கும் இடைப்பட்டதாகவும் இருக்கலாம், ஒரு கூரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு இடைப்பட்டதாகவும் இருக்கலாம்.

சட்டம் தரும் பலம்

1979 இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் ஒன்ராறியோத் தொழிலாளிக்கு மூன்று உரிமைகளைத் தருகிறது: ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு ஏற்பாட்டில் பங்குகொள்ளும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. கூலிக்கு வேலை செய்பவர் எவரும் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளிதான். காசாக வாங்கினாலும் சரி, சொந்தப் பெயரில் பில் எழுதி வாங்கினாலும் சரி.

அதே சட்டத்தில், ஒரு வேலையிடத்துக்குப் பொறுப்பானவர் அல்லது ஒரு தொழிலாளியின் மீது அதிகாரம் உள்ளவர் மேற்பார்வையாளர். அதற்குப் பட்டமும் தேவையில்லை, பதவிக் கடிதமும் தேவையில்லை. வானை ஓட்டி வந்து, "நீ மேல ஏறு, நீ கீழ நில்" என்று சொல்லும் அண்ணைதான் மேற்பார்வையாளர். தனக்குத் தெரிந்த ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்வது அவருடைய சட்டக் கடமை. கண்ட ஆபத்தை முதலாளிக்கோ மேற்பார்வையாளருக்கோ சொல்வது தொழிலாளியின் கடமை. 2004 முதல், பிறர் செய்யும் வேலையை நடத்துபவர் அவர்கள் காயப்படாதபடி நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்திலும் இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவின் வெஸ்ட்ரே சுரங்கத்தில் 1992 இல் 26 பேர் இறந்த பிறகு எழுந்த கோரிக்கையின் விளைவு அது. கசெனெல்சனைச் சிறைக்கு அனுப்பியது அந்தச் சட்டமே.

வேலையை மறுக்கும் முறை எளிமையானது. மறுக்கிறேன் என்பதையும் காரணத்தையும் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் தொழிலாளியை வைத்துக்கொண்டே ஆராய வேண்டும். அதன் பிறகும் ஆபத்து நீங்கவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொடர்ந்து மறுக்கலாம். அப்போது தொழில் அமைச்சின் பரிசோதகரை அழைக்க வேண்டும். இடையில் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுப்பதானால், இன்னார் இன்ன காரணத்துக்காக இதை மறுத்திருக்கிறார் என்று அவரிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மறுத்ததற்காக வேலையைவிட்டு நீக்குவதும் சம்பளத்தைப் பிடிப்பதும் மிரட்டுவதும் சட்டவிரோதம். ஒன்ராறியோத் தொழில் உறவுகள் சபையிடம் முறையிடலாம். அமைச்சின் தொலைபேசி இலக்கம் 1-877-202-0008. பெயர் சொல்லாமலும் முறையிட முடியும்.

கிப்ளிங் அவெனியூ விபத்துக்குப் பிறகு டோனி டீன் தலைமையிலான நிபுணர் குழு 2010 டிசம்பரில் 46 பரிந்துரைகளைத் தந்தது. உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு 2015 ஏப்ரலில் வந்த கட்டாயப் பயிற்சி அவற்றின் விளைவுகளில் ஒன்று. அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பயிற்சி ஹார்னஸ் போடக் கற்றுக்கொடுக்கும். அண்ணையிடம் வாய் திறக்கும் துணிவை எந்தச் சான்றிதழும் தராது. அதை ஒவ்வொரு குழுவும் தனக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது

அக்கறையோடு சொல்வது என்றால் இனிமையாகச் சுற்றி வளைத்துச் சொல்வது என்று பொருள் கொள்ளக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். ஆளைப் பற்றிப் பேசாமல் கண்ட பொருளைச் சொல்ல வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். "உனக்குப் பொறுப்பில்லை" என்பதில் பையன் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. "தம்பி, ஏணியின்ர தலை கூரை விளிம்புக்கு மேல மூண்டடி நிக்கோணும். இறங்கு, இப்ப ரெண்டு பேருமா மாத்துவம்" என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆபத்தான தவறை எல்லோர் முன்னாலும் உடனே நிறுத்தலாம். அதற்கான காரணத்தைப் பிறகு தனியே விளக்கலாம். நிறுத்துவதை மட்டும் பிறகுக்குத் தள்ளக் கூடாது.

தம்பி அண்ணைக்குச் சொல்வது இதைவிடக் கடினம். அதனால் பாரம் அண்ணையின் மேல்தான் இருக்க வேண்டும். காலையில் வானைவிட்டு இறங்கியதும், "இண்டைக்கு எங்க விழலாம், எது உடையலாம், சொல்லுங்கோ" என்று அவரே கேட்க வேண்டும். முதலில் வாய் திறப்பவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். சொன்னது தவறாக இருந்தாலும் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை அவர் சரியாகச் சொல்லப்போகும் ஆள். ஒருவர் "நிப்பாட்டுங்கோ" என்றால், அவர் வந்து மூன்று நாள் ஆனவரானாலும், எல்லோரும் கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு வேலையைத் தொடரலாம். பார்க்காமல் தொடரக் கூடாது.

வேலையின் தரத்துக்கும் இதே ஒழுங்கு வேண்டும். நிலவறை வேலையில் அடிக்கடி வரக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டத்தில் குழாய்க்காகத் துளை போடுகிறார்கள். சட்டத்தின் ஆழத்தில் கால் பங்குக்கு மேல் துளை இருக்கக் கூடாது என்பது ஒன்ராறியோக் கட்டட விதி. இரண்டுக்குப் பத்து என்று நாம் சொல்லும் சட்டத்தின் உண்மையான ஆழம் 235 மில்லிமீட்டர். அதில் கால் பங்கு 59 மில்லிமீட்டர். மூன்று அங்குலக் கழிவுக்குழாயின் வெளி விட்டம் 89 மில்லிமீட்டர். ஆக, அந்தக் குழாய் அந்தச் சட்டத்தின் குறுக்கே போகவே கூடாது. போயிருந்தால் அதை முதலில் காண்பவர் குழாய் போட்டவருக்குப் பின்னால் ட்ரைவோல் அடிக்க வருபவர். பலகை ஏறிவிட்டால் பிறகு அது ஒருவர் கண்ணிலும் படாது. சட்டம் பலமிழந்துபோய், மேலே ஒரு குடும்பம் நடமாடிக்கொண்டிருக்கும். "அது என்ர வேலை இல்லை" என்று அவர் பலகையை ஏற்றினால், அந்தக் குறையில் அவருக்கும் பங்கு உண்டு. படம் எடுத்து, குழாய் போட்டவரையும் கொன்ட்ராக்டரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் காத்திருப்பதே சரி.

வீட்டுக்காரரும் இதற்கு வெளியே நிற்க முடியாது. மழைக்கு முன் முடித்துத் தா, மாத முடிவில் வாடகைக்கு ஆள் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் இதைவிடக் குறைவான விலைக்குச் செய்தான் என்று அவர் நெருக்கும் ஒவ்வொரு முறையும் நங்கூரத் தகடு அறையும் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டப்படுகிறது. விலை கேட்கும்போதே, கூரையில் ஆட்கள் எதில் கட்டிக்கொள்வார்கள், எல்லோரிடமும் உயரத்தில் வேலை செய்வதற்கான சான்றிதழ் இருக்கிறதா, காயம் பட்டால் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

குழு நடத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. உங்களோடு வரும் தம்பிமாரை நீங்கள் நேசிக்கிறீர்கள் என்பதில் சந்தேகமில்லை. கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் முதல் ஆளாக நிற்பவர்கள் நீங்கள்தான். அந்த நேசத்தைக் கூரை ஏறும் முன்பே காட்டுங்கள். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். வாயால் வரும் பதிலை ஏற்காதீர்கள், போய்ப் பாருங்கள். கட்டவில்லை என்றால் எல்லோரையும் இறக்குங்கள். மழை வந்து ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் உழைக்கலாம்.